பிஎச் பாட்டிலை மூடி வையுங்கள்: பவளத் தொட்டித் தண்ணீரின் வேதியியல்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். காலையில் டெஸ்ட் கிட் பிஎச் 7.9 என்று காட்டுகிறது. 8.2 இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே பிஎச்சை ஏற்றும் திரவத்தில் ஒரு மூடி ஊற்றுகிறார்கள். சில மணி நேரம் ஏறி நிற்கும். மறுநாள் காலை மறுபடி 7.9, மறுபடி ஒரு மூடி. ஐந்தாறு நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்து, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டி, பவளத்தின் நுனிகளில் சதை உரிந்து எலும்பு தெரியும். அப்போதும் காலை பிஎச் 7.9-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இதற்குப் பின்னால் ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. தமிழில் ‘காரத்தன்மை’ என்றால் பிஎச் 7-க்கு மேல் இருப்பதையும் சொல்லலாம், ஆல்கலினிட்டியையும் சொல்லலாம். பள்ளிப் பாடத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தேவைப்படவில்லை. தொட்டியில் அதுதான் எல்லாமே. அதனால் காரத்தன்மை என்ற சொல்லையே இங்கே ஒதுக்கிவிட்டு, பிஎச், ஆல்கலினிட்டி என்று தனித்தனியாகவே பார்ப்போம்.

அதற்கு முன் உப்பைச் சரிபார்க்க வேண்டும். அது தவறாக இருந்தால் மற்ற எந்த எண்ணையும் நம்ப முடியாது.

எல்லாவற்றுக்கும் அடியில் உப்பு

உப்புத்தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவி போகும், உப்பு தங்கும். மிஞ்சிய தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கும். தொட்டியிலும் நடப்பது இதுதான், மெதுவாக. 200 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் ஆவியானால் உப்பளவு 35-லிருந்து 35.7-க்கு ஏறிவிடும். ஆகவே ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மட்டம் குறைந்துவிட்டதே என்று உப்புத்தண்ணீரை ஊற்றுவது, தொடக்கத்தில் பலர் செய்யும் முதல் பிழை.

உப்பளவு என்பது ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. கடலில் ஏறத்தாழ 35. அடர்த்தி எண்ணாகச் சொன்னால் 25 டிகிரி வெப்பத்தில் 1.026. கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி எல்லாம் இந்த 35 கிராமுக்குள் அடக்கம் என்பதால், உப்பளவு இறங்கினால் அவையும் கூடவே இறங்கும். 35 இருக்க வேண்டிய இடத்தில் 32 இருந்தால், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 420 இருக்க வேண்டிய கால்சியம் 384 என்று காட்டும், 1290 இருக்க வேண்டிய மெக்னீசியம் 1180 என்று காட்டும். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் தனித்தனி மருந்து வாங்கக் கிளம்பாதீர்கள். குறைவது உப்பு.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளின்மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், முள் மிதந்து உப்பு அதிகம் என்று சொல்லும். அதை நம்பித் தண்ணீரைக் கலந்தால் தொட்டி நீர்த்துப்போகும். ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் அதைவிட மேல். ஆனால் அதை வெறும் சுத்தத் தண்ணீரால் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டால், 35-இல் சரியாக இருக்கும் என்ற உறுதி இல்லை. 35 அளவுள்ள திட்டக் கரைசலின் ஒரு சொட்டை வைத்துத் திருகைச் சரிசெய்யுங்கள். எந்த அளவில் படிக்கப்போகிறோமோ அந்த அளவிலேயே கருவியைச் சரிபார்ப்பதுதான் முறை.

உப்புக் கலவை கரைக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புக் குவியலுக்குள் முதலில் நுழையும் கொஞ்சம் தண்ணீரில் எல்லாம் ஒரேயடியாகச் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது எளிதில் திரும்பக் கரையாது. தண்ணீர் ஆர்ஓ (சவ்வு வடிகட்டி), டிஐ (அயனி நீக்கும் பிசின்) இரண்டும் கடந்து, கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் வரக்கூடிய பாஸ்பேட் பாசியை வளர்க்கும். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறால், நத்தை, பவளம் போன்றவற்றுக்கு விஷம்.

பவளம் எதைக் கொண்டு கட்டுகிறது

சுவர் எழுப்பச் செங்கல்லும் வேண்டும், சாந்தும் வேண்டும். செங்கல் மலையாகக் குவிந்திருந்தாலும் சாந்து தீர்ந்த நிமிடம் வேலை நின்றுவிடும். கல்பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட் என்ற பொருள். சுண்ணாம்புக்கல்லும் சிப்பி ஓடும் இதே பொருள்தான். பவளம் தண்ணீரிலிருந்து ஒரு பங்கு கால்சியத்தையும் இரண்டு பங்கு பைகார்பனேட்டையும் எடுக்கிறது. ஒரு பங்கு கால்சியம் கார்பனேட்டாக எலும்பில் சேர்கிறது, மிஞ்சியது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேறுகிறது. கல்பவளம் மட்டுமல்ல, பாறையில் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசி, நத்தை, கிளிஞ்சல் எல்லாமே இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டே இருக்கும்.

செங்கல்லான கால்சியம் கடலில் லிட்டருக்கு சுமார் 420 மில்லிகிராம். தொட்டியில் 400 முதல் 450 வரை எங்கே இருந்தாலும் பவளத்துக்குப் போதும். சாந்தான பைகார்பனேட்டின் இருப்பைத்தான் ஆல்கலினிட்டி காட்டுகிறது. குழப்பம் முழுவதும் அங்கேதான் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆல்கலினிட்டி என்றால் என்ன

பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு குலுக்கல் தெரிகிறது என்பது வேறு, பேருந்துக்கு அடியில் இருக்கும் வில் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பது வேறு. பிஎச் என்பது குலுக்கல். ஆல்கலினிட்டி என்பது வில்.

சரியாகச் சொன்னால், ஒரு தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால், அதன் தாங்கும் பொருட்கள் எல்லாம் தீர்ந்து பிஎச் சரிந்து விழும்வரை எவ்வளவு அமிலம் செலவாகிறதோ அதுதான் ஆல்கலினிட்டி. டெஸ்ட் கிட்டில் சொட்டை எண்ணி நிறம் மாறும்வரை விடுகிறோமே, அந்தச் சொட்டு அமிலமேதான். கடல்நீரில் இந்தத் தாங்கும் பொருளின் பெரும்பகுதி பைகார்பனேட். மீதி கார்பனேட்டும் கொஞ்சம் போரேட்டும்.

அளவை டிகேஎச் என்ற அலகில் சொல்வது வழக்கம். ஜெர்மன் மொழியின் ‘கார்பனேட் கடினத்தன்மை’ என்ற தொடரிலிருந்து வந்த சுருக்கம் இது. பெயரைப் பார்த்து, குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் செய்யும் கடினத்தன்மையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். அந்தக் கடினத்தன்மை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பொறுத்தது. இது அவற்றை அளப்பதே இல்லை. சில கிட்கள் மில்லிஈக்விவலன்ட் என்ற அலகில் காட்டும். அதை 2.8-ஆல் பெருக்கினால் டிகேஎச்.

கடலில் ஆல்கலினிட்டி ஏறத்தாழ 7 டிகேஎச். தொட்டியில் 7-க்கும் 11-க்கும் இடையில் பலர் நடத்துகிறார்கள். புதியவர் 8 முதல் 9 வரை வைத்துக்கொள்வது நல்லது. 7.5-இல் அசையாமல் நிற்கும் தொட்டி, 8-க்கும் 10-க்கும் இடையில் வாரத்துக்கு இரண்டு முறை ஊஞ்சலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். பவளம் எந்த எண்ணுக்கும் பழகிக்கொள்ளும். எண் ஓடிக்கொண்டே இருந்தால்தான் திணறும்.

இதுவரை பார்த்தது: உப்பளவு 35-இல் நிற்க வேண்டும். எலும்பு கட்டப் பவளத்துக்குக் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து வேண்டும். பைகார்பனேட் இருப்பின் அளவே ஆல்கலினிட்டி. பிஎச் இவற்றில் எதுவும் இல்லை.

அப்படியானால் பிஎச் எங்கிருந்து வருகிறது

சோடா பாட்டிலைத் திறந்ததும் குடித்தால் நாக்கில் சுள்ளென்று இருக்கும். அதே சோடாவை இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டு காலையில் குடித்தால் அந்தச் சுள்ளென்ற புளிப்பு போயிருக்கும். போனது கரியமில வாயு. தண்ணீரில் கரைந்தால் அது ஓர் அமிலமாகிறது, வெளியேறினால் அமிலமும் குறைகிறது. தொட்டியின் பிஎச்சை அன்றாடம் ஆட்டுவது இதே வாயுதான்.

பிஎச் என்பது தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு என்பதன் அளவு. எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது. 8.2-லிருந்து 7.9-க்கு இறங்குவது சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் அந்த 0.3-க்குள் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிடுகிறது. தொட்டியில் பிஎச்சை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆல்கலினிட்டி எவ்வளவு, கரைந்த கரியமில வாயு எவ்வளவு. ஆல்கலினிட்டி 8.5-இல் சரியாக நிற்க, பிஎச் மட்டும் தாழ்ந்திருந்தால், மிஞ்சிய ஒரே குற்றவாளி கரியமில வாயு. அப்போது பாட்டிலிலிருந்து ஊற்றுவதெல்லாம் ஆல்கலினிட்டியை ஏற்றிக்கொண்டே போகும். வாயு அப்படியே இருக்கும். சில மணி நேரத்தில் அறைக்காற்றோடு தண்ணீர் சமநிலைக்கு வந்து பிஎச் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே இறங்கும். தொடக்கத்தில் சொன்ன வெள்ளைப் பொருக்கு வந்த வழி இதுதான்.

விளக்கு எரியும்போது பவளத்துக்குள் வாழும் பாசியும் தொட்டிப் பாசியும் கரியமில வாயுவை உண்ணும், பிஎச் ஏறும். விளக்கு அணைந்தபின் உண்பது நின்று மூச்சுவிடுவது மட்டும் தொடரும், பிஎச் இறங்கும். ஆகவே விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சற்று முன் 7.9, அணைவதற்குச் சற்று முன் 8.3 என்று ஒரே நாளில் ஆடுவது இயல்பு. நேற்று மாலை அளவையும் இன்று காலை அளவையும் பக்கத்தில் வைத்துப் பதறுவதில் பொருளே இல்லை. 7.8-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் விட்டுவிடலாம்.

காற்றுதான் காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை வெளியே திறந்தவெளிக்கு எடுத்துப்போய், காற்று பம்பால் ஒரு மணி நேரம் குமிழவிடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால் தொட்டியில் வாயு தேங்கியிருக்கிறது. இன்னொரு குவளையை அறைக்குள்ளேயே அதேபோல் குமிழவிடுங்கள். அதிலும் ஏறினால் தொட்டியின் நீர்ப்பரப்பில் சலனம் போதவில்லை, பம்பை மேல்நோக்கித் திருப்பினால் போதும். அதில் ஏறவில்லை என்றால் அறைக்காற்றிலேயே வாயு அதிகம். சன்னல் சாத்தி ஆட்கள் படுத்துறங்கும் அறையில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் தண்ணீரின் பிஎச் 0.25 முதல் 0.3 வரை இறங்கும். சன்னலைத் திறந்து வைப்பது, ஸ்கிம்மர் (காற்றுக்குமிழியால் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்று உறிஞ்சும் குழாயின் முனையை வெளியே நீட்டிவிடுவது, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) கடற்பாசி வளர்த்து அதற்கு மட்டும் இரவில் விளக்கு எரிப்பது, மூன்றுமே பயன்தரும். முதலாவதற்குச் செலவே இல்லை.

நடுவில் நிற்கும் மெக்னீசியம்

சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்தால், தண்ணீர் சாதாரணமாகத் தாங்கக்கூடியதைவிட அதிகச் சர்க்கரை அதில் கரைந்தே நிற்கும். ஒரு சின்னச் சர்க்கரைத் துகள் விழுந்தால் அதைப் பற்றிக்கொண்டு படிகம் வளரத் தொடங்கும். கடல்நீரும் இந்தப் பாகு போலத்தான். கால்சியமும் கார்பனேட்டும் தாங்கும் அளவைக் கடந்து கரைந்து கிடக்கின்றன. பவளம் எலும்பு கட்டுவதை இந்த மிகைச்செறிவுதான் எளிதாக்குகிறது. எந்த நேரமும் தானாகப் படிந்துவிடும் அபாயமும் இதனால்தான்.

படியாமல் தடுக்கும் முக்கியக் கை மெக்னீசியம். உருவாகத் தொடங்கும் கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேற்பரப்பில் கால்சியத்தின் இடத்தில் மெக்னீசியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அளவு பொருந்தாத கல்லை வரிசையில் வைத்துவிட்டால் அதன்மேல் அடுத்த வரிசை சரியாக உட்காராது, அதுபோல படிகம் மேலே வளராமல் நின்றுவிடுகிறது. கடலில் இதன் அளவு சுமார் 1290. தொட்டியில் 1250 முதல் 1350 வரை. இதைவிட நன்றாக இறங்கிவிட்டால், கால்சியமும் ஆல்கலினிட்டியும் எவ்வளவு ஊற்றினாலும் ஏறாத நிலை வரும். ஊற்றுவது பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரில் பொருக்காகிக்கொண்டிருக்கும். மெக்னீசியம் மெதுவாகவே குறையும், மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

ஏற்ற வேண்டியிருந்தால்: 100 லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராம் ஏற்ற, ஆறு நீர்மூலக்கூறு சேர்ந்த படிக மெக்னீசியம் குளோரைடு 8.4 கிராம். 200 லிட்டரில் 1200-லிருந்து 1300-க்குக் கொண்டுபோக சுமார் 168 கிராம். பாதி இன்று, பாதி நாளை.

ஆல்கலினிட்டி மட்டும் ஏன் விழுவதுபோலத் தெரிகிறது

“கால்சியம் அப்படியே இருக்கிறது, ஆல்கலினிட்டி மட்டும் இறங்குகிறது” என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே இறங்கியிருக்கும். பவளம் 2.8 டிகேஎச் எடுக்கும்போது கூடவே கால்சியத்தில் 20 மில்லிகிராம் எடுக்கிறது. அதாவது 1 டிகேஎச்சுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். எட்டில் ஒன்று போனால் கண்ணில் படும். 420-இல் 7 போனால் கிட் காட்டும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே தினசரி கவனிக்க வேண்டிய எண் ஆல்கலினிட்டி. அதை நிலைநிறுத்தி, அதே விகிதத்தில் கால்சியத்தையும் சேர்த்துவந்தால் கால்சியம் தானாக நிற்கும்.

கால்சியம் உண்மையிலேயே அசையாமல் ஆல்கலினிட்டி மட்டும் குறைய ஒரு வழி உண்டு. மீன் கழிவையும் மிஞ்சிய தீனியையும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தொட்டியில் நைட்ரேட் 50 மில்லிகிராம் சேர்ந்தால் அதற்கு சுமார் 2.3 டிகேஎச் செலவாகியிருக்கும். பவளமே இல்லாத, மீன் நிறைந்த தொட்டியில் ஆல்கலினிட்டி விழுவது இதனால்.

தொட்டி தினமும் எவ்வளவு சாப்பிடுகிறது

ஓட்டை வாளியில் மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால் ஒழுகும் வேகத்திலேயே குழாய் திறந்திருக்க வேண்டும். முதலில் ஒழுகும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். எதையும் சேர்க்காமல், மூன்று நாள் இடைவெளியில், ஒரே நேரத்தில் இரண்டு முறை ஆல்கலினிட்டியை அளக்கவும். முதல் நாள் 8.6, மூன்று நாள் கழித்து 7.1 என்றால், 1.5-ஐ மூன்றால் வகுத்தால் தினம் 0.5 டிகேஎச்.

அடுத்து தண்ணீரின் உண்மையான கொள்ளளவு. கண்ணாடித் தொட்டியின் அளவைப் பெருக்கி வரும் எண் அல்ல இது. கல், மணல் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்து, சம்ப்பில் ஓடும் தண்ணீரைக் கூட்ட வேண்டும். முதல்முறை நிரப்பும்போதே லிட்டர் கணக்கை எழுதி வைத்திருந்தால் இந்த ஊகமே தேவையில்லை. கொள்ளளவைக் கூடுதலாக நினைத்துவிட்டால் மருந்தும் அதே அளவு மிகையாகும்.

இனி எடை. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, 3 கிராம். அதே வேலைக்குச் சோடியம் கார்பனேட் என்றால் 1.9 கிராம். முன்னது பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும், பின்னது ஏற்றும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. கால்சியம் 10 மில்லிகிராம் ஏற்ற, இரண்டு நீர்மூலக்கூறு சேர்ந்த கால்சியம் குளோரைடு 3.7 கிராம். நீரற்ற வகையானால் 2.8 கிராம். எந்த வகை என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

200 லிட்டர், தினம் 0.5 டிகேஎச் என்ற தொட்டிக்கு: 60 கிராம் சமையல் சோடாவை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கவும். இன்னொரு பாட்டிலில் 52 கிராம் இருநீர் கால்சியம் குளோரைடைக் கரைத்து 1 லிட்டராக்கவும். இது கரையும்போது சூடாகும், ஆகவே தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும், கையுறை அணியவும். இரண்டிலிருந்தும் தினம் 50 மில்லி. ஒவ்வொரு 50 மில்லியிலும் 3 கிராம் சோடாவும் 2.6 கிராம் கால்சியம் குளோரைடும் இருக்கும், பவளம் எடுக்கும் விகிதமும் அதுவே. தொட்டி அதிகமாகச் சாப்பிடத் தொடங்கினால் இரண்டையும் சமமாகக் கூட்டுங்கள்.

இரண்டு கரைசலும் ஒன்றையொன்று நேராகச் சந்திக்கக் கூடாது. சந்தித்த இடத்தில் உடனே சுண்ணாம்பு. ஒன்றை ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் கழித்து மற்றதை, பம்பின் வேகமான ஓட்டத்தில் ஊற்றவும். மருந்தைத் தானாக அளந்து விடும் டோசிங் பம்ப் வைத்திருந்தால் 50 மில்லியை நாள் முழுவதும் பத்துப் பன்னிரண்டு தவணையாகப் பிரிப்பது இன்னும் நல்லது. இந்த முறையில் கால்சியமும் பைகார்பனேட்டும் பவளத்துக்குப் போக, மிஞ்சுவது சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு. ஆகவே மாதங்கள் போகப்போக உப்பளவு மெல்ல ஏறும். அவ்வப்போது பார்க்கவும்.

தண்ணீர் மாற்றினாலே போதாதா? கல்போன்ற எலும்பு கட்டாத மென்பவளம் மட்டுமுள்ள தொட்டிக்குப் பெரும்பாலும் போதும், அங்கே மருந்தே தேவைப்படாது. கல்பவளத் தொட்டிக்குப் போதாது. மேலே சொன்ன தொட்டி ஒரு வாரத்தில் 3.5 டிகேஎச் இழக்கும். 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் இழந்ததில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பும்.

வேறு வழிகளும் உண்டு. ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் சுமார் 1.5 கிராம் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். தெளியவைத்து எடுத்தால் சுண்ணாம்புத் தெளிநீர், தொட்டிக்காரர்கள் கால்க்வாசர் என்று சொல்வது. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் சரியான விகிதத்தில் தரும், கரியமில வாயுவையும் விழுங்கி பிஎச்சையும் ஏற்றும். 200 லிட்டருக்கு ஒரு லிட்டர் விட்டால் 0.5 டிகேஎச்சுக்கு மேல் சற்று ஏறும். ஆனால் அதன் பிஎச் 12-க்கு மேல். ஆவியான தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும். தானியங்கி டாப் அப் கருவியின் சென்சர் சிக்கிக்கொண்டு முழு வாளியும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய விபத்து. வாளியைச் சிறிதாக வைத்திருப்பது நல்ல காப்பீடு. பெரிய தொட்டிகளில் கால்சியம் ரியாக்டர் என்று, கரியமில வாயுவால் பவளக்கல் துண்டுகளைக் கரைத்து விடும் கருவி உண்டு. புதியவருக்கு இப்போது அது தேவையில்லை.

சுருக்கமாக: மூன்று நாள் இடைவெளியில் அளந்து தினசரிச் செலவைக் கண்டுபிடிக்கவும். அந்தச் செலவுக்குச் சமமாக இரு கரைசல்களையும் தனித்தனியாக, சமமாக விடவும். கணக்கு ஆல்கலினிட்டியில் நடக்கட்டும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்

இவற்றைப் பூஜ்யமாக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. பவளத்துக்கும் அதற்குள் இருக்கும் பாசிக்கும் கொஞ்சம் உணவு வேண்டும். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம் வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் பெரும்பாலான தொட்டிகள் நன்றாக ஓடும். பாஸ்பேட் மிக அதிகமானால் எலும்புப் படிகத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கும். இரண்டும் பூஜ்யத்தில் இருக்க ஆல்கலினிட்டி 10, 11 என்று உயர்ந்திருந்தால், கிளைப் பவளங்களின் நுனி கருகுவதை அடிக்கடி காணலாம். உணவு குறைவான தொட்டியில் ஆல்கலினிட்டியை 7.5-ஐ ஒட்டியே வையுங்கள்.

கிட்டை நம்பும் முன்

விலையுயர்ந்த கிட்டும் காலாவதியானால் பொய் சொல்லும். ஆல்கலினிட்டி கிட்டைச் சரிபார்க்க, 3 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். இந்தத் தண்ணீரின் ஆல்கலினிட்டி 10 டிகேஎச். கிட் 9 என்று சொன்னால் அதன் குறைவு எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. ஒரு சொட்டு ஒரு டிகேஎச் என்று எண்ணும் கிட்டில் 5 மில்லிக்குப் பதில் 10 மில்லித் தண்ணீர் எடுத்தால் ஒவ்வொரு சொட்டும் 0.5 ஆகி, துல்லியம் இரட்டிப்பாகும். சொட்டும்போது பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்கவும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும்.

எண் விழுந்துவிட்டால்

ஆல்கலினிட்டி 5.5 என்று கண்டதும் அன்றே 8.5-க்கு ஏற்றிவிடத் தோன்றும். விழுந்ததைவிட ஏற்றிய வேகமே பவளத்தை அதிகம் காயப்படுத்தும். உப்பளவைப் பார்த்து, கிட்டைச் சரிபார்த்து, மறுபடி அளக்கவும். எண் உண்மைதான் என்றால் நாளொன்றுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம், அரை டிகேஎச் இன்னும் பத்திரம். இது தினசரிச் செலவுக்கு மேலான ஏற்றம் என்பதை மறக்காதீர்கள். தினம் 0.5 சாப்பிடும் தொட்டியில் 0.5 ஏற வேண்டுமானால் 1 டிகேஎச்சுக்கான சோடா போட வேண்டும், 200 லிட்டருக்கு 6 கிராம். ஆல்கலினிட்டி தாழ்ந்து கால்சியம் 480 என்று உயர்ந்திருந்தால், கால்சியம் 440-க்கு வரும்வரை அந்தப் பாட்டிலைத் தொடாமல் சோடாவை மட்டும் விடவும்.

தண்ணீர் வெண்பனி பொழிவதுபோல ஆகிவிட்டால் முதலில் எல்லா மருந்தையும் நிறுத்துங்கள். மிதக்கும் ஒவ்வொரு துகளும் அடுத்த படிகம் வளர ஒரு பற்றுக்கோடு, இன்னும் ஊற்றினால் இன்னும் படியும். பம்புகள் ஓடட்டும், சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். மெல்லிய வடிகட்டித் துணி இருந்தால் மாட்டிவிட்டு, அடைக்கும்போதெல்லாம் அலசவும். தெளிந்தபின் ஆல்கலினிட்டி, கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் அளந்தால் முதலிரண்டும் தாழ்ந்திருக்கும். மெக்னீசியம் குறைந்திருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டு, மற்ற இரண்டையும் நாளுக்கு அரை டிகேஎச் கணக்கில் மேலே கொண்டுவாருங்கள். ஹீட்டரையும் பம்பையும் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் பொருக்கு நுரைத்துக் கரையும். மீண்டும் மாட்டும் முன் நன்றாக அலசவும்.